கடலூர்ப் பெண்ணும் நெடுந்தீவுப் பெண்ணும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாள் பிற்பகல், பாடசாலை கலைந்து பிள்ளைகள் ஆரவாரத்தோடு வெளியேறிக்கொண்டிருந்த வேளை, நெடுந்தீவிலிருந்து வந்த ஒருவர் என் வகுப்பறை வாயிலிலே தயங்கி நின்றார். கடற்றொழில் செய்பவர், உப்புக்காற்றில் உலர்ந்த முகம், தோளிலே ஒரு துண்டு. அவருடைய மூத்த மகள் எங்கள் பாடசாலையிலே பத்தாம் வகுப்பிற் படிக்கின்றாள். வேலணையிலுள்ள பெரியதாயார் வீட்டில் தங்கியிருந்து வந்துபோகின்றாள். சோழகக்காற்று எழுந்துவிட்டால் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரக் கடற்பயணம் எத்தகையது என்பதைப் படகில் ஏறி இறங்கியவர்களே அறிவர். அந்தக் கடலைக் கடந்து ஒருவர் உபாத்தியாயரைத் தேடி வருகின்றாரென்றால் காரியம் சிறிதாக இராது என்று எண்ணினேன்.

“பண்டிதர் ஐயா, பிள்ளை உங்கட சொல்லைத் தட்டமாட்டாள். அந்தப் பந்து விளையாட்டை விடச் சொல்லுங்கோ” என்றார்.

அவர் கூறிய காரணங்கள் பல. வெயிலில் நின்று பிள்ளை கறுத்துப் போகின்றாள். காற்சட்டை அணிந்து ஊர் பார்க்க ஓடுகின்றாள். நாளைக்கு ஒரு கால் முறிந்தால் யார் வந்து கைப்பிடிப்பார்? அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. ஒவ்வொன்றையும் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போலத் தணிந்த குரலிற் சொன்னார். கடைசியில், “நான் சொன்னால் அழுவாள். அதைப் பார்க்க எனக்கு ஏலாது” என்றார். முன்னர்ச் சொன்ன காரணங்கள் எல்லாவற்றிலும் இதுவே உண்மையானது என்று எனக்குப் பட்டது.

சொல்லுகின்றேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அது புதிய வேலையும் அன்று. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு தந்தையார் இதே வாயிலில் நின்று இதே வேண்டுகோளை விடுத்தார். அந்தப் பிள்ளையை அழைத்து, பெண்பிள்ளைக்கு அடக்கமே அணி என்ற வகையில் நான்கு வார்த்தை சொன்னேன். அவள் மறுமொழி பேசவில்லை. அடுத்த நாள் முதல் விளையாட்டுத் திடலுக்குப் போகவுமில்லை. நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன். என் சொல்லுக்கு இருந்த வலிமையையும் சற்றே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நெடுந்தீவுப் பெண்ணை அழைத்து அதே நான்கு வார்த்தைகளைச் சொன்னேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து,

“சேர், மூலத்தைப் படியாதவன் உரை சொல்லப்படாது எண்டு வகுப்பில நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் விளையாடுறதை நீங்கள் ஒருநாளும் வந்து பாக்கேல்லையே” என்றாள்.

முப்பது ஆண்டுகளாக நான் மாணாக்கர்க்குச் சொல்லி வருவது அது. என் அம்பு என் மேலேயே வந்து தைத்தது.

எங்கள் விளையாட்டுத் திடலை வாசகர்கள் பட்டணத்து அரங்குகளோடு ஒப்பிட்டு எண்ணிவிடக் கூடாது. பாடசாலைக்குப் பின்னால், கிளுவை வேலிக்கும் பனங்கூடலுக்கும் நடுவிலே கிடக்கும் வெளி அது. புல் ஓர் ஓரத்தில் மட்டும் உண்டு. மிகுதியெல்லாம் மணலும், மணலுக்கடியிலிருந்து தலை நீட்டும் சுண்ணாம்புக் கற்களும். சோழகம் வீசுங் காலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று உயர அடித்த பந்தைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிடும். ஆதலால் அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் பந்தை நிலத்தோடு நிலமாகவே உருட்டி ஆடப் பழகியிருக்கின்றார்கள். காற்றை எதிர்த்து ஒரு பாதி, காற்றோடு சேர்ந்து ஒரு பாதி. முதற்பாதியில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிவதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது என்று உடற்கல்வி ஆசிரியை எனக்குச் சொன்னார். இளம் பட்டதாரிப் பெண் அவர். பதினொருவர் ஆடவேண்டிய அணிக்குப் பன்னிரண்டு பேரே இருந்தார்கள். சப்பாத்துகள் ஒன்பது சோடி. மற்றவர்கள் முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். அல்லது வெறுங்காலோடு ஆடினார்கள்.

நெடுந்தீவுப் பெண் திடலின் நடுவில் நின்றாள். நான் ஓட்டத்தையும் உதையையும் எதிர்பார்த்துச் சென்றவன். அவளோ அதிகம் ஓடவில்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னரே ஒரு முறை இடப்புறமும் ஒரு முறை வலப்புறமும் திரும்பிப் பார்த்தாள். வந்த பந்தை உள்ளங்காலின் கீழே ஒரு கணம் அடக்கி, எவரும் நில்லாத ஒரு வெற்றிடத்துக்கு அனுப்பினாள். பிழைவிட்டாள் என்று நான் நினைத்தேன். அதற்குள் அவளுடைய தோழி ஒருத்தி வேலியோரத்திலிருந்து ஓடிவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினாள். செய்யுளிலே எழுவாய் ஓரிடத்திற் கிடக்க, அதற்குரிய பயனிலையைப் பல சீர்களுக்கு அப்பால் தேடிப் பிடித்துப் பொருத்துவோமே, அந்தப் பொருத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. என் தொழில் அது. எதைக் கண்டாலும் இலக்கணமாகவே தெரிகின்றது.

ஆட்டம் முடிந்த பின் அவளிடம் பாடங் கேட்டேன். ‘ஓஃப்சைட்’ என்றால் என்னவென்று எனக்கு அதுவரை விளங்கியதில்லை. அவள் மணலிலே குந்தியிருந்து கற்களை அடுக்கிக் காட்டினாள். எதிரணியின் பாதிக்குள் நிற்கின்ற ஒருத்திக்கு அவளுடைய அணியினர் பந்தை அனுப்புகின்ற அந்தக் கணத்தில், கோலுக்கும் அவளுக்கும் இடையிலே எதிரணியினர் வழக்கமாக இருவராவது இருக்கவேண்டும். கடைசிக்கு முந்தியவளுக்கு நேரே நின்றாலும் குற்றமில்லை. ஆனால் அவளையும் பந்தையும் தாண்டி முன்னே நின்றால் அந்த ஆட்டம் செல்லாது. பந்து போய்ச் சேரும் நேரம் கணக்கில்லை. காலை விட்டுப் புறப்படும் நேரமே கணக்கு. “புறப்பட்ட பிறகு எவ்வளவும் ஓடலாம் சேர்” என்றாள். இதற்கு ‘அயலிட நிலை’ என்று ஒரு தமிழ்ச் சொல் ஆக்கலாமா என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். கைவிட்டுவிட்டேன்.

சொல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. தமிழகத்தார் இவ்வாட்டத்தைக் கால்பந்து என்பர். ஈழத்தவராகிய நாம் உதைபந்து என்கின்றோம். அவர்கள் சொல் உறுப்பைக் குறித்தது. நம் சொல் தொழிலைக் குறித்தது. உதைத்தல் என்றவுடன் முரட்டுத்தனமே மனத்தில் எழுகின்றது. ஆனால் பழைய வழக்கிலே வில்லிலிருந்து அம்பைச் செலுத்துதலுக்கும் இச்சொல் ஆளப்பட்டிருக்கின்றது. அந்தப் பெண் வெற்றிடத்துக்கு அனுப்பிய பந்தைக் கண்ட பின்னர் நம்மவர் சொல்லே பொருத்தமானது என்று துணிந்தேன். இது பக்கச்சார்பு என்று தமிழக நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

பெண்கள் பந்தாடுவது தமிழர்க்கு நூதனமான செய்தியன்று என்பதையும் அன்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துக வரி இருக்கின்றது. கொங்குவேளிர் தமது பெருங்கதையின் வத்தவ காண்டத்திலே ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதியையே வகுத்தார். அரண்மனை மகளிர் ஒருவரையொருவர் விஞ்சிப் பந்தடிக்க, மானனீகை எல்லாரையும் வெல்லுகின்றாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியிலே வசந்தவல்லி அறிமுகமாவதே பந்தும் கையுமாகத்தான். இவற்றையெல்லாம் வகுப்பிலே சுவைபடச் சொல்லி வந்த நான், அதே வகுப்பிலிருந்த பிள்ளை பந்தாடுகின்றாள் என்றதும் முகஞ் சுளித்தேன். ஏட்டிலே ஆடினால் இலக்கியம், திடலிலே ஆடினால் அடக்கமின்மை என்பது என்ன நியாயம்? ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. பழைய நூல்களிற் பெண்கள் கையாற் பந்தடித்தார்கள். காண்பார் கண்ணுக்கு இனிதாக ஆடினார்கள். அரசன் மறைந்திருந்து பார்த்தான். இந்தப் பிள்ளைகளோ வெல்வதற்காக ஆடுகின்றார்கள். பெற்றோரையும் என் போன்றோரையும் உறுத்துவது உண்மையிலே அதுதான் போலும்.

இந்த உறுத்தல் நமக்கு மட்டும் உரியதுமன்று. இங்கிலாந்திலே பிரெஸ்டன் என்னும் ஊரில், முதலாம் உலகப் போர்க் காலத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ‘டிக் கேர்’ என்ற பெயரில் ஓர் அணி அமைத்தார்கள். 1920ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூலிலுள்ள குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். இடமின்றித் திரும்பியோர் வேறு. லிலி பார் என்ற பெண் பதினான்கு பதினைந்து வயதிலேயே அந்த அணியிற் சேர்ந்து பெயர் பெற்றாள். அடுத்த ஆண்டே, 1921 டிசெம்பரில், பெண்களுக்கு இவ்வாட்டம் ஏற்றதன்று என்று அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தீர்மானித்துத் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. லிலி பார் தாதியாக வேலை செய்துகொண்டு, கிடைத்த வெளிகளிலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் வழி திறந்தது கல்லூரிகளின் மூலம். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1972இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டத்தை எழுதியவர்கள் விளையாட்டைப் பெரிதாக நினைத்திருக்கவில்லை. ஆயினும் அதன் பயன் விளையாட்டுத் திடலிலேதான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதே 1972இற் பிறந்த மியா ஹாம் 15 வயதிலே தேசிய அணிக்கு ஆடினாள். 1989இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, அங்கிருந்த காலத்தில் நான்கு முறை கல்லூரிகளுக்கிடையிலான வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றாள். இடையில் ஓராண்டு ஒதுங்கி, 1991இற் சீனத்தில் நடந்த முதலாவது மகளிர் உலகக் கிண்ணத்தையும் வென்று வந்தாள். 1999இல் அவர்களுடைய இறுதியாட்டத்தைக் காண வந்தோர் தொகை 90,185. இவற்றையெல்லாம் நான் அந்தத் தகப்பனாருக்குச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். “அது அமெரிக்கா, ஐயா.”

ஆகவே நமக்கு அண்மையிலே தேடினேன். வலிகாமத்திலே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் ஒரு முறைக்கு மேல் வாகை சூடியவர்கள். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய கல்லூரி அது. பாவலர் கண்ட பள்ளியிலே பந்தாட்டமும் தழைத்தது என்பதிலே பண்டிதனாகிய எனக்கு ஓர் அற்ப ஆறுதல். ஆயினும் நான் தேடியது ஒரு தனிப் பெண்ணின் தொடக்கத்தை; வறிய கரையோர ஊரிலிருந்து புறப்பட்ட ஒருத்தியை. அவள் கடலுக்கு அப்பால், கடலூரிலே இருந்தாள்.

இந்துமதி கதிரேசன் 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடலூரிற் பிறந்தவர். அந்த ஊரை 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை எவ்வாறு அழித்தது என்பது நமக்குத் தெரியாததன்று. நம் கிழக்குக் கரையும் வடமராட்சிக் கிழக்கும் அதே காலையிலேதான் அழிந்தன. அந்த அழிவுக்குப் பின்னர், மாரியப்பன் என்னும் பயிற்றுநர் கடலூர்ச் சிறுமியரைத் திரட்டிப் பந்தாடப் பழக்கினார். பேரலையிலே பெற்றோரை இழந்து காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அந்தத் திடலிலிருந்துதான் இந்துமதியும், அவரிலும் இரண்டு வயது இளையவரான சந்தியா இரங்கநாதனும் எழுந்து இந்திய நாட்டு அணி வரைக்கும் சென்றார்கள். பட்டணத்துக் கழகங்களோ செல்வர் வீட்டுப் பயிற்சிக் கூடங்களோ அவர்களை ஆக்கவில்லை. ஒரு சிற்றூர்ப் பயிற்றுநரும், பள்ளி கலைந்த பிறகு மிஞ்சுகின்ற மாலை வெயிலுமே ஆக்கின.

இந்துமதி ஆடுவதும் நடுத் திடலிலேதான். நடுவில் நிற்பவருக்குப் பெயர் வருவது குறைவு. கோல் போடுபவர் பெயரே பத்திரிகையில் வரும். ஆனால் அணி முழுவதும் மூச்சு விடுவது அந்த இடத்தின் வழியாக. பெண்கள் ஆட்டத்துக்கென்று இந்தியாவில் ஒரு தேசியத் தொடர் 2017இலே தான் ஆரம்பமாயிற்று. அதாவது இந்துமதி 22 வயது நிரம்பும் வரைக்கும் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்து ஆடுவதற்கு ஒரு தொடரே அந்நாட்டில் இல்லை. இதை எண்ணிப் பார்க்க வேண்டும். போட்டி இல்லாத காலத்திலே நாள்தோறும் பயிற்சிக்குப் போவதற்கு எத்தகைய மனம் வேண்டும்! 2018இற் தமிழ்நாடு அணி மாநிலங்களுக்கிடையிலான மகளிர் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. இறுதியாட்டத்திலே தோற்றது மணிப்பூர். அந்தக் கிண்ணத்தைத் தன் வீட்டுச் சொத்துப் போலப் பல ஆண்டு வைத்திருந்த மாநிலம். 2019இல் மதுரையின் சேது அணி இந்தியத் தொடரிலே முதலிடம் பெற்றது. இந்துமதி அவ்வணியில் இருந்தார்.

அந்த 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நேபாளத்து விராட் நகரிலே தெற்காசிய மகளிர் போட்டி நடந்தது. இந்தியா எங்கள் இலங்கை அணியை 5க்கு 0 என்று வென்றது. அந்த ஐந்திலே ஒன்று இந்துமதி அடித்தது; ஒன்று சந்தியா அடித்தது. இதை வாசித்தபோது எனக்கு உண்டான உணர்ச்சி இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோற்றது நான் பிறந்த நாடு. அடித்தவர்கள் என் மொழியைப் பேசுகின்ற பிள்ளைகள். அரையிறுதியிற் பங்களாதேசுக்கு எதிராக இந்துமதி மேலும் இரண்டு கோல்கள் போட்டார். கிண்ணம் இந்தியாவுக்குக் கிட்டியது.

ஆனால் நான் அந்தத் தகப்பனாருக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட செய்தி இவற்றுள் ஒன்றுமன்று. இந்துமதி தமிழ்நாட்டுக் காவற்றுறையிலே உதவி ஆய்வாளர். விளையாட்டே அவருக்கு அந்தப் பதவிக்குரிய வாயிலாயிற்று. 2020இற் கொரோனா நோய் பரவி ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த காலத்தில், அவர் சென்னை அண்ணாநகரிலே காக்கி உடையோடு தெருவிற் கடமையில் நின்றார். பந்து அவருக்குச் சோறு போட்டது; சீருடையும் கொடுத்தது.

எங்கள் நாட்டிலே இது அவ்வளவு எளிதன்று என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இந்தியக் காவற்றுறையும் புகையிரதப் பகுதியும் வீரர்க்கு வேலை கொடுப்பதை நெடுங்கால வழக்காக்கி வைத்திருக்கின்றன. இங்கே ஒரு தீவுப் பெண் எத்துணை நன்றாக ஆடினாலும் அதனாலே உத்தியோகம் வந்துவிடும் என்று நான் எவருக்கும் வாக்குக் கொடுக்க இயலாது.

இந்த நிலையில், ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் உற்சவத்துக்குப் போனேன். குறிகாட்டுவானிற் படகேறியபோது கூட்ட நெரிசலிலே ஒரு பெண் எழுந்து எனக்கு இடந் தந்தாள். கையிலே குழந்தை. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் நான் திடலை விட்டு மறித்த அதே பிள்ளை. முகமலர்ச்சியோடு சுகம் விசாரித்தாள், கணவரைக் காட்டினாள், குழந்தையை ஆசீர்வதிக்கச் சொன்னாள். குறை என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. படகு இறங்குதுறையை அணுகியபோது, கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சேர், எங்கட பள்ளிக்கூடத்தில இப்ப பொம்பிளைப் பிள்ளையளின்ர ரீம் இருக்காம். மெய்யோ?”

“ஓம் பிள்ளை.”

“ஆர் நடுவில விளையாடுறது?”

சொன்னேன். நெடுந்தீவுப் பிள்ளை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “நானும் நடுவிலதான் சேர்” என்றாள். ‘விளையாடினனான்’ என்று அவள் முடிக்கவில்லை. வினைச்சொல் இல்லாமலே விட்டுவிட்டாள். அன்று அம்மன் சந்நிதியிலே நான் எதை வேண்டினேன் என்பது எனக்கே நினைவில்லை.

நம் முன்னோர் செய்ததை நோக்கினாலும் எனக்கு நிழல் இல்லை. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, எழுத்துப் படித்த பெண்ணை எவன் மணப்பான் என்றுதான் ஊரார் கேட்டார்கள். அந்த அச்சத்தைத் தீர்க்கப் பாடசாலையாரே மாணாக்கியர்க்குச் சீதனங் கொடுத்து மணஞ் செய்விக்க வேண்டியிருந்தது. இரண்டொரு தலைமுறைக்குள்ளே படித்த பெண்ணைத் தேடி மாப்பிள்ளை வீட்டார் அலைந்தார்கள். பிறகு மிதிவண்டி வந்தபோதும் அதே கேள்வி. இன்று மிதிவண்டி ஓடாத பெண்பிள்ளையை யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்று, கேட்பவர்தாம் வேறு. இம்முறை கேட்டவன் நான்.

அடுத்த கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். படகு மிகவும் ஆடிற்று. இரண்டு முறை கடல்நீர் மேலே வந்து வேட்டி முழுவதும் நனைந்தது. முருகைக்கல் அடுக்கிய மதில்களுக்கிடையே நடந்து அவர்கள் வீட்டை அடைந்தேன். ஈரத்தோடு நின்ற என்னைக் கண்டு அந்த மனிதர் பதறிப் போனார். தேநீர் வந்தது. பண்டிதர் வந்த காரியம் என்னவென்று கேட்கத் துணியாமல் மனைவி கதவோரம் நின்றார்.

“நீங்கள் சொன்னபடி பிள்ளைக்குச் சொன்னேன். சொன்னது பிழையென்று சொல்ல வந்திருக்கிறேன்” என்றேன்.

கடலூர்க் கதையைச் சொன்னேன். உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னதோடு நம் நாட்டில் அது நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன். காற்சட்டைக்குள்ளே கணுக்கால் வரைக்கும் நீண்ட உள்ளாடை அணிந்துதான் பிள்ளைகள் ஆடுகின்றார்கள் என்றேன். பரீட்சைக்கு மூன்று மாதம் முந்திப் பயிற்சியை நிறுத்திக்கொள்ள ஆசிரியை இசைந்திருக்கின்றார் என்றேன். கால் முறிந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இருக்கவில்லை. அதற்கு அந்தத் தாயாரே விடை சொன்னார்: “கடலுக்குப் போற மனிசனைக் கட்டின நான் அதைக் கேக்கேலுமே?” கணவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அன்று அவர் ஓம் என்று சொல்லவில்லை. “ஒருக்கால் வந்து பாக்கிறன்” என்றார். அவ்வளவுதான்.

ஆடி மாதத்திலே யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. அவர் வந்தார். வெள்ளைச் சேட்டும் சாரமும் அணிந்து, படகிலும் பேருந்திலுமாக விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்து, எனக்குப் பக்கத்திலே படிக்கட்டில் இருந்தார். எதிரணியினர் பட்டணத்துப் பிள்ளைகள். எல்லார் காலிலும் புதிய சப்பாத்து. புல் தரையிலே பந்து எங்கள் பிள்ளைகள் எதிர்பார்த்ததிலும் விரைந்து ஓடிற்று. மணலிற் பழகிய கால்களுக்கு அது பிடிபட நேரஞ் சென்றது. அதற்குள் இரண்டு கோல்கள் விழுந்துவிட்டன. தகப்பனார் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாதிருந்தார்.

இரண்டாம் பாதியிலே அவருடைய மகள் நடுத்திடலிற் பந்தை உள்ளங்காலின் கீழ் அடக்கினாள். இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தினூடாகப் பந்தை அனுப்பினாள். முன்னே நின்றவள் அதை எடுத்துக் கோலுக்குள் அடித்தாள். தகப்பனார் துள்ளி எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. ஆனால் கோட்டோரத்து மத்தியஸ்தர் கொடியை உயர்த்தியிருந்தார்.

“ஏன் ஐயா, உள்ளுக்கை விழுந்ததுதானே? ஏன் குடுக்கேல்லை?”

படிக்கட்டிலே கிடந்த நான்கு சிறு கற்களைப் பொறுக்கி அடுக்கினேன். இது எதிரணியின் பந்துக் காப்பாளர். இது கடைசிக்கு முந்தியவள். இது எங்கள் பிள்ளை. இது உங்கள் மகள். பந்து காலை விட்டுப் புறப்படும் நேரமே கணக்கு என்று மகள் எனக்குச் சொன்னவாறே தகப்பனாருக்குச் சொன்னேன். அவர் குனிந்து கற்களை நெடுநேரம் பார்த்தார். ஒரு கல்லை விரலால் அரை அங்குலம் பின்னுக்கு நகர்த்தினார்.

“அப்ப, இவள் கொஞ்சம் முந்திக் குடுத்திருக்க வேணும்” என்றார்.

ஆட்டம் 2க்கு 0 என்று முடிந்தது. பிள்ளைகள் அழுதார்கள், பிறகு ஆசிரியை வாங்கிக் கொடுத்த குளிர்களியைத் தின்றார்கள். நெடுந்தீவுக்குச் செல்லும் கடைசிப் படகு போய்விட்டதனால் அவர் அன்றிரவு வேலணையிலே மைத்துனி வீட்டில் தங்கினார். முற்றத்து மணலிலே நெடுநேரம் தகப்பனும் மகளும் கற்களை வைத்து ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்று பெரியதாயார் அடுத்த நாள் என்னிடம் முறைப்பட்டார், சோறு ஆறிப்போயிற்றாம்.